சோதிக்காமல் வைத்த முத்திரை

தம்பியின் காலுக்கும் அக்காவின் தோளுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. அப்போது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. சைக்கிளில் அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவள் மேட்டிலிருந்து இறங்கியபோது, சக்கரம் சுற்றுவதை வேடிக்கை பார்த்தவன் சும்மா இராமல் காலைக் கம்பிக்குள் விட்டான். விழும்போது அவன் மண்டை தரையில் மோதாமல் இருக்கத் தன் தோளை அடியில் கொடுத்தாள். அவனுக்குக் கணுக்காலில் ஒரு சிராய்ப்பு, அவளுக்குக் காறை எலும்பு இரண்டு துண்டு. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. முப்பது வருடம் கழித்தும் அவள் கழுத்துக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு முடிச்சு கைக்குத் தட்டுப்படும்.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வேலை நேரம் முழுக்க சீட் பெல்ட் அந்த முடிச்சின் மேல்தான் உரசும். வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "இது உன் கால் போட்ட கையெழுத்துடா" என்பாள். அவள் கணவர் போன பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, நடுவில் ஒரு மெல்லிய சுவர்.

தம்பிக்குப் பெரிய மருத்துவமனையில் வேலை. டாக்டர் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் சிலர் அவனிடம் முழங்கால் வலியைச் சொல்வதுண்டு. அவன் இருப்பது கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத குளிர் அறையில். ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் வந்து சேரும் படக் கிடங்குக்கு அவன்தான் பொறுப்பு. கிடங்கு என்றால் அலமாரி இல்லை. ஆள் உயரத்தில் நான்கு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் அறுபது டிஸ்க். அவற்றுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அவனுக்குத் தெரியும் என்று பெயர் வாங்கியிருந்தான்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. மின்சாரம் போவது ஒரு பெரிய விஷயமில்லை. காப்பு பேட்டரிகளும் சேர்ந்து படுத்துக்கொண்டதுதான் வினை. எழுதிக்கொண்டிருந்த கையோடு டிஸ்க்குகள் நின்றன. மறுநாள் காலையில் எல்லாம் எழுந்து வந்தபோது பதினோரு ஃபோல்டர்களைக் காணவில்லை. படங்கள் எங்கோ இருந்தன, அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லும் குறிப்புதான் கிழிந்து போயிருந்தது. ஒரு படத்தை டிஸ்க்கில் வைத்தால், படம் தனி, அதைப் பற்றிய குறிப்பு தனி. இதன் பெயர் என்ன, எவ்வளவு பெரியது, எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்கிற குறிப்பு. மெட்டாடேட்டா என்பார்கள். குறிப்பு கெட்டால் படம் இருந்தும் இல்லாததுதான்.

பதினோரு ஃபோல்டர்களையும் பழைய பிரதிகளிலிருந்து மீட்டுக் கொடுத்துவிட்டான். ஆனாலும் மேலிடத்திலிருந்து பிரிவுத் தலைவருக்குச் செம டோஸ். அவர் அதை அப்படியே கொண்டுவந்து இவன் தலையில் கொட்டினார்.

"இனிமே ஒரு குறிப்பு கெட்டாலும் அந்த நிமிஷமே எனக்குத் தெரியணும். என்ன பண்ணுவியோ தெரியாது."

"செக்சம் போட்டுடலாம் சார்" என்றான்.

அவன் சொன்னது சரியான வைத்தியம்தான். ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, அதிலுள்ள எழுத்துகளை எல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு, வருகிற எண்ணை அந்தக் குறிப்பின் ஓரத்திலேயே எழுதிவைப்பது. அடுத்த முறை படிக்கும்போது மறுபடி கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எண் ஒத்துப்போகாது, குட்டு வெளிப்பட்டுவிடும். புதுக் கிடங்கு என்றால் பிறக்கும்போதே செக்சத்தோடு பிறக்கும். ஓடிக்கொண்டிருக்கிற பழைய கிடங்குக்குப் போடுவதென்றால் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் கிடங்கை நிறுத்தி, எல்லாக் குறிப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு முழுச் சோதனை செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் செக்சம் என்கிற முத்திரை. படிக்காத கடிதத்துக்கு அரக்கு வைத்தால், அப்புறம் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு மட்டுமே அரக்கு சாட்சி. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பது அரக்குக்குத் தெரியாது. இது அவனுக்குத் தெரியாததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவனே பாடம் எடுத்திருக்கிறான்.

"முழுச் சோதனைக்குப் பதினாலு மணி நேரம் ஆகும் சார்."

"பதினாலா? அவசரப் பிரிவு அதுவரைக்கும் படத்துக்கு எங்க போகும்? ஞாயித்துக்கிழமை ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் தர்றேன். நாலு மணி நேரம். முடியுமா, முடியாதா?"

முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஒற்றைச் சொல். நம் ஆளுக்கு அது வாயில் வரவில்லை. "பார்க்கறேன் சார்" என்றான். உலகத்தில் பாதி அநியாயம் இந்த "பார்க்கறேன் சார்" வழியாகத்தான் உள்ளே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கிடங்கை நிறுத்தினான். சோதனைக்குப் போட்டது ஒப்புக்கு ஒரு விரைவுச் சோதனை, அது ஆறு நிமிடத்தில் பச்சை காட்டியது. பிறகு முத்திரை வைக்கும் கருவியை ஓட்டினான். கருவி கெட்டிக்காரத்தனமாகவே கேட்டது: முழுச் சோதனை முடிந்ததா? வெறும் பொத்தானைத் தட்டினால் போதாது. யோசித்துத்தான் பதில் சொல்கிறாய் என்பதற்காக ஆங்கிலத்தில் "யெஸ்" என்று மூன்று எழுத்தையும் அடித்தாக வேண்டும். அடித்தான். முழுச் சோதனையை அப்புறம் ஒரு நீண்ட விடுமுறையில் செய்துகொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு மூலையில் போட்டுவைத்தான். நாலே முக்காலுக்கு வேலை முடிந்தது. பிரிவுத் தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மறு வாரக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு அவன் போனுக்கு ஒரு தகவல் வரும். "சரிபார்ப்பு முடிந்தது. பிழைகள்: 0." அந்த நேரம் பெரும்பாலும் இருவரும் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். போன் டிங் என்றதும் அக்கா, "என்ன சொல்லுதுடா உன் முத்திரை?" என்பாள். "பூஜ்ஜியம்" என்பான் அவன். "பரீட்சையில நீ வாங்கினப்ப இவ்வளவு சந்தோஷப்படலையே" என்பாள். தினமும் இதே பேச்சு, தினமும் அதே சிரிப்பு. நாளாக நாளாக முழுச் சோதனை என்கிற நினைப்பே அவனுக்கு மறந்துபோனது. தினம் தினம் பூஜ்ஜியம் காட்டுகிற ஒன்றை எவன் போய்ப் பிரித்துப் பார்ப்பான்?

மின்சாரம் போன அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் அக்கா மார்பு எக்ஸ்ரே எடுத்திருந்தாள். ஒரு மாதமாக விடாத இருமல். அந்த வாரப் படங்களெல்லாம் குவிந்து கிடந்ததால், படம் பார்க்கும் டாக்டர் அவளுடையதைப் பார்த்து அறிக்கை எழுதுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் முத்திரை வைத்தாகிவிட்டது. அறிக்கையில் இருந்தது இரண்டே வரி. நுரையீரல் தெளிவு. எலும்புகளில் குறையில்லை.

அறிக்கை வாங்க வந்தவள், ஷிப்டுக்கு அரை மணி நேரம் இருந்ததால், காக்கிச் சட்டையோடு கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தாள். அவன் வேலை செய்யும் இடத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இருப்பதிலேயே பெரிய திரையில் அவள் படத்தைப் போட்டுக் காட்டினான். மேலே அவள் பெயர், வயது, தேதி. கீழே வெள்ளை வெளேரென்று விலா எலும்புகள்.

அக்கா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கை தானாகத் தோளுக்குப் போனது.

"டேய், என் எலும்பு ஏன்டா இவ்வளவு நேரா இருக்கு?"

"எடுக்கற கோணத்தைப் பொறுத்து அப்படித் தெரியும்."

"வேற யாரோட படத்தையாவது காட்டறியா?"

"அக்கா, இந்த ஆஸ்பத்திரியில எது வேணா மாறும், இது மாறாது. இங்க பாரு." ஓரத்தில் இருந்த பச்சைக் குறியைத் தொட்டுக் காட்டினான். "செக்சம் சரியா இருக்கு. நானே வச்ச முத்திரை."

"அப்ப சரி. முப்பது வருஷம் கழிச்சு நீயே நிமிர்த்திக் கொடுத்துட்ட போல" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் படியேறிப் போய் வண்டியை எடுத்தாள்.

கையை நீட்டி அந்த முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் போதும். கை எட்டும் தூரத்தில்தான் நின்றாள்.

அப்புறம் எட்டு மாதம் அந்த மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் மருந்துக்கடையில் சிரப் வாங்கி வந்து கொடுத்தான். டீசல் புகை என்றான், தூசு என்றான். இன்னொரு படம் எடுக்கட்டுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "படத்துலதான் ஒண்ணுமில்லையே அக்கா, எதுக்கு வீணா?" என்றான். தம்பியே சொன்ன பிறகு அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

ஒரு நாள் பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டுக் கைக்குட்டையில் இருமினாள். கைக்குட்டை சிவந்தது. பயணிகள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

நெஞ்சு டாக்டர் அவனைத் தனியே அழைத்தார். நுரையீரலில் தொடங்கிக் கல்லீரல்வரை போய்விட்டது என்றார். மாதக் கணக்கு சொல்லவே யோசித்தார்.

"எட்டு மாசம் முன்னாடி எடுத்த படம் சுத்தமா இருக்கு. அதுக்குள்ள இவ்வளவுன்னா இது ரொம்ப வேகமான வகை. யாரு என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லுங்க. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

"ஒருவேளை அப்பவே இருந்திருந்தா, டாக்டர்?"

"அப்பவே இருந்து, அப்பவே தெரிஞ்சிருந்தா அறுத்து எடுத்திருக்கலாம். நல்லபடியா இருந்திருப்பாங்க. ஆனா இல்லையே."

இதையே அவர் அக்காவிடமும் சொல்லியிருந்தார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "முதல்ல எடுத்த படத்துல ஒண்ணுமே இல்ல. என் தம்பியே காட்டினான். திடீர்னு வந்தா யாரைக் குத்தம் சொல்றது?" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்தக் கட்டிலில் அவளுக்கு மிஞ்சியிருந்த நிம்மதி அது ஒன்றுதான்.

அவன் கீழே இறங்கிப் போய்ப் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். நுரையீரலைப் பார்க்கத்தான் போட்டான். கண் போனது காறை எலும்புக்கு. புதுப் படத்தில் எலும்பு நடுவில் முண்டு கட்டிக் கோணிக்கொண்டு நின்றது. பழைய படத்தில் அம்பு மாதிரி நேராக இருந்தது. இரண்டிலும் மேலே அவள் பெயர். ஓரத்தில் பச்சைக் குறி.

 அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். யாரிடமும் அனுமதி வாங்காமல் கிடங்கின் முழுப் பிரதி ஒன்றைத் தனியே எடுத்துவைத்து, அதில் முழுச் சோதனையைத் தொடங்கினான். பதினாலு மணி நேரம் என்று அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பதினாலு மணி நேரம் பத்து நிமிடம்.

நடந்தது இவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை அக்காவின் படம் டிஸ்க்கில் எழுதப்பட்டது. எந்த இடங்கள் காலி, எந்த இடங்களில் ஆள் இருக்கிறது என்கிற பட்டியலில் அதைப் பதிவதற்குள் மின்சாரம் போனது. சனிக்கிழமை கிடங்கு எழுந்ததும், அவள் படம் கிடந்த இடம் காலி என்று நினைத்து வேறு யாரோ ஒரு பெண்ணின் மார்புப் படத்தை அதன்மேல் எழுதியது. பெயரும் வயதும் இருந்த முதல் துண்டு மட்டும் தப்பியது. அக்காவின் குறிப்பு அதே இடத்தைக் காட்டியது, அந்தப் பெண்ணின் குறிப்பும் அதே இடத்தைக் காட்டியது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு குறிப்பிலும் ஒரு குறையுமில்லை. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பொய் தெரியும். அப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் முழுச் சோதனை. அதைச் செய்யாமல், அந்தப் பொய்க்கு ஒரு எண் கணக்கிட்டு, இனி இது மாறவே கூடாது என்று முத்திரை வைத்தவன் இவன்.

அக்காவின் அசல் படம் எங்கேயும் இல்லை. எக்ஸ்ரே இயந்திரம் ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைத்திருக்காது. காப்புப் பிரதி எடுக்கும் வேலை மறுபடி ஓடத் தொடங்கியது திங்கட்கிழமை, படம் அழிந்த பிறகு.

சோதனை முடிவில் பட்டியல் ஒன்று வந்தது. இப்படித் தன் படத்தை இழந்தவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். அக்கா பத்தொன்பதாவது.

பட்டியலைப் பிரிவுத் தலைவர் மேஜையில் வைத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தினமும் பிழை பூஜ்ஜியம்னு காட்டறது நீ. இப்ப முப்பத்தொண்ணுன்னு சொல்றதும் நீ. நான் எதை நம்பறது?"

"இதைத்தான் சார். அது என் தப்பு. சோதிக்காம முத்திரை வச்சுட்டேன்."

"வாயை மூடு. இதை நீ யார்கிட்டயும் சொல்லல, நான் யார்கிட்டயும் கேக்கல. அடுத்த வாரம் கமிட்டி கூடும். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது."

சரி சார் என்றும் சொல்லவில்லை, பார்க்கறேன் சார் என்றும் சொல்லவில்லை. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே அக்கா படுத்திருந்த நாலாவது மாடி வார்டுக்குப் போனான்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கீழே பேருந்துகள் திரும்புகிற இடம் தெரியும். எந்த டிரைவர் வண்டியை ஒடிக்கத் தெரியாமல் ஒடிக்கிறான் என்று பார்த்துத் திட்டுவதுதான் அவளுக்கு அங்கே பொழுதுபோக்கு. இவன் முகத்தைப் பார்த்ததும், "என்னடா, பேயறைஞ்ச மாதிரி வர்ற?" என்றாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவளிடம் இருக்கிற அந்த ஒரு நிம்மதியையும் ஏன் பிடுங்க வேண்டும்? ஆனால் பிடுங்காவிட்டால் அவள் கடைசிவரை அவனைக் காட்டி, என் தம்பியே பார்த்துச் சொன்னான் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவனால் முடியாது. ஆக, அவளுக்காகச் சொன்னானா, தனக்காகச் சொன்னானா என்பது அவனுக்கே தெரியாது. சொன்னான். ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, எதையும் மென்று விழுங்காமல் சொன்னான்.

 அவள் கை தோளுக்குப் போய் முடிச்சின் மேல் நின்றது.

"அன்னிக்கே சொன்னேன்ல? எலும்பு நேரா இருக்குன்னு."

"சொன்னே."

"அந்தச் சோதனையை ஏன் பண்ணல?"

"பதினாலு மணி நேரம் ஆகும்னு சொன்னேன். நாலுதான் கொடுத்தாங்க."

"பதினாலு மணி நேரம்." அவள் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "எனக்கு எட்டு மாசம் இருந்துச்சேடா."

அவன் உடைந்து அழுதான். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவன் தலையைத் தொடவில்லை. அவன் அழுதால் தொடுகிறவள்தான், சின்ன வயதிலிருந்தே.

சட்டைப்பையில் போன் டிங் என்றது. மணி ஐந்து.

"படி" என்றாள்.

"வேண்டாம் அக்கா."

"என்ன சொல்லுது, படி."

"சரிபார்ப்பு முடிந்தது. பிழைகள்: பூஜ்ஜியம்."

அவள் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து இருமலை அடக்கினாள்.

"இன்னும் எத்தனை பேரு?"

"முப்பது."

"சொல்லிட்டியா?"

"உன்கிட்டதான் முதல்ல. மத்தவங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு…"

"அதுல எவனோ ஒருத்தன் இப்பவும் இருமிக்கிட்டுக் கிடப்பான். பக்கத்துல ஒருத்தன் படத்துல ஒண்ணுமில்லைன்னு சிரப் ஊத்திக்கிட்டு இருப்பான். எந்திரி. போய்ச் சொல்லு."

எந்திரி என்றாள், எந்திரிடா என்று சொல்லவில்லை. அவன் எழுந்து கதவருகே ஒரு நிமிடம் நின்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தான். முதல் பெயருக்கு எதிரே இருந்த எண்ணுக்குப் போன் போட்டான். நாலைந்து மணி அடித்த பிறகு ஒரு ஆள் எடுத்தான். அம்மாவின் போன், அம்மா தூங்குகிறார்கள், மகன் பேசுகிறேன் என்றான். குரலுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

அவன் தான் யார் என்று சொன்னான். போன வருடம் எடுத்த படம், அது உங்கள் அம்மாவின் படம் இல்லை, தவறு எங்களுடையது, தவறு என்னுடையது, நாளைக்கே அழைத்து வாருங்கள் என்று சொன்னான். எதிர்முனையில் டிவி சத்தம் நின்றது.

"படத்துல ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே சார்?"

"அது வேற யாரோட படமோ."

"அப்ப எங்க அம்மாவோட படம் எங்க?"

 கதவின் அந்தப் பக்கம் அக்கா இரும ஆரம்பித்திருந்தாள். அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் இல்லைங்க" என்றான்.